கேமிங் கம்ப்யூட்டர் கேட்கும் பிள்ளைகள்: பெற்றோர் காசு கொடுக்கும் முன்



சென்ற நவம்பரில் பேகம்பூர் பக்கத்துச் சகோதரர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர். பிளஸ் ஒன் படிக்கும் மகன் கேட்டான் என்று 26,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். கையில் இருந்தது பத்தாயிரம். மீதியை வாரத் தவணைக்கு, வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஐந்தாவது வாரம் பெட்டிக்குள் ஏதோ புகைந்து, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கடையில் கேட்டதற்கு, முப்பது நாள் டெஸ்டிங் வாரண்டிதான், அது முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் போனது போகட்டும், இந்த வட்டியிலிருந்து எப்படியாவது என்னை வெளியே எடுத்து விடுங்கள் என்று கேட்டுத்தான் அவர் வந்தார்.

கர்ளு ஹஸனா நிதியிலிருந்து அந்த முதலை அடைக்க நாங்கள் உதவினோம். அதோடு, நம் தன்னார்வலர்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தெரிந்த தம்பி ஒருவரை அனுப்பிப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னோம். வெளியே கண்ணாடிக் கதவும் நிறம் மாறி எரியும் நான்கு ஃபேன்களும் இருந்தன. உள்ளே இருந்த பிராசஸர் 2012-இல் வந்த ஐ5-3470. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மெஷினுடையது. கிராபிக்ஸ் கார்டு 2014-இல் வந்த ஜிடி 730. புகைந்தது எஸ்எம்பிஎஸ். அதன் மேல் 500 வாட் என்று ஒட்டியிருந்தது, கையில் எடுத்தால் காலி டப்பா போல இருந்தது என்றார் அந்தத் தம்பி. விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பையன் ஆசைப்பட்ட வேலரண்ட் விளையாட்டு விண்டோஸ் 11-இல் ஓட வேண்டுமானால் மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தாக வேண்டும். 2012 மெஷினில் அது ஏது? ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட அந்த விளையாட்டு திறக்கவில்லை. அத்தாவிடம் சொல்லப் பயந்து பையன் சும்மா இருந்திருக்கிறான்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. கம்ப்யூட்டருக்காக வட்டியில்லாக் கடன் கேட்டுச் சென்ற ஆண்டு நான்கு விண்ணப்பங்கள் நம்மிடம் வந்தன. நான்கிலும் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தவிர வேறு விவரம் இல்லை. ஆகவேதான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

விளையாட்டுக்கு மெஷின் வாங்குவதைப் பற்றி டிரஸ்ட் பத்திரிகையில் எழுதலாமா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் கமிட்டியிலும் அதைப் பேசினோம். பிள்ளை கேமிங் சென்டருக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, யாருடன் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாமல் ஆடுவதைவிட, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பது மேல் என்பது எங்கள் கருத்து. அதே மெஷினில் ஆட்டோகேட் ஓடும், கல்யாண வீடியோ எடிட் செய்யலாம், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அனிமேஷன் பழகலாம். ஆனால் பணம் வைத்து ஆடுவது வேறு விஷயம். மார்க்கம் சூதாட்டத்தைத் தடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. இதில் பெற்றோர் கவனிக்காத சந்து ஒன்று உண்டு. கவுன்டர் ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளில் காசு கொடுத்து ஒரு பெட்டியைத் திறந்து, என்ன விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பெயர் வேறாக இருந்தாலும் புத்தி சூதாட்டத்தின் புத்திதான். உங்கள் கார்டு எண்ணையோ யுபிஐ-யையோ அந்த மெஷினில் பதிந்து வைக்காதீர்கள்.

இனி வாங்கும் விஷயம். பூட்டு வாங்கும்போது எத்தனை லீவர் என்று கேட்கத் தெரிந்த ஊர் நம்முடையது. வெளியே பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக நாம் யாரும் பூட்டு வாங்குவதில்லை. கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. எந்தத் தலைமுறை என்பதே அது.

கடைக்காரர் ஐ5 என்றால் பிள்ளைக்கும் நமக்கும் அது ஐ3-ஐவிடப் பெரியதாகத் தோன்றும். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3470 என்றால் முதல் எண் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் முதல் இரண்டு எண் 12, அதாவது 2022 தொடக்கத்தில் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. பெயரில் சிறியதான இந்த ஐ3, பத்து வருடம் முந்தைய அந்த ஐ5-ஐ எல்லா வேலையிலும் தூக்கி அடித்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களுக்கு முறைப்படி விண்டோஸ் 11 கிடையாது. அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. கழித்த சாமான் கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்து, கேமிங் பிசி என்று விலைக்கு வருகிறது. இப்போது அது அதிகம் நடக்கும் காலம், எச்சரிக்கையாக இருங்கள்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே ஏமாற்று நடக்கிறது. 4 ஜிபி கார்டு என்பார்கள். ஜிபி என்பது அந்தக் கார்டின் நினைவகம் எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும், கார்டின் வேகத்தைச் சொல்லாது. அரிசி மூட்டை வைக்க இடம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அடுப்பு பெரிது என்று ஆகிவிடாது. ஜிடி 710, ஜிடி 730 என்று சீட்டில் இருந்தால் அது மானிட்டருக்குப் படம் அனுப்ப மட்டும் லாயக்கான கார்டு. விளையாட்டுக்கு ஆகாது.

கடைக்குப் போகும் முன் பிள்ளையை உட்கார வைத்து, என்ன என்ன விளையாடப் போகிறாய் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். செலவைத் தீர்மானிப்பது இந்தக் காகிதம்தான். வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவை என்றால் சிறிய மெஷின் போதும். புதிதாக வந்த பெரிய விளையாட்டுகள் என்றால் நல்ல கார்டு வேண்டும். ஜிடிஏ 6 வரப்போகிறது, அதற்குத்தான் இப்போதே வேண்டும் என்று பல பிள்ளைகள் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். அந்த விளையாட்டு 2026 நவம்பர் 19-இல் வரும் என்று அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மெஷின்களுக்கு மட்டும். கம்ப்யூட்டருக்கு எப்போது என்று நிறுவனம் சொல்லவே இல்லை. அதற்காக இப்போது காசைக் கொட்டுவதில் அர்த்தம் இல்லை. தவிர, அந்த வரிசை பெரியவர்களுக்கு மட்டும் என்று தரம் பிரிக்கப்பட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு?

அடுத்தது திரை. சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர் போதும். அதைவிடக் கூர்மையான திரை வாங்கினால் அதற்கு ஈடுகொடுக்க விலை கூடிய கார்டும் வேண்டியிருக்கும். வீட்டில் எச்டிஎம்ஐ துளை உள்ள எல்இடி டிவி இருந்தால் முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டலாம். மானிட்டர் செலவு அப்படியே மிச்சம்.

மொத்தப் பணத்தை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் நீங்கலாக, கார்டு வைத்த ஒரு மெஷினில் 35 முதல் 40 ரூபாய் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். விளையாட்டில் படத்தை வரைவது அதுதான். பிராசஸருக்கு 15 முதல் 18, மதர்போர்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, எஸ்எம்பிஎஸ்-க்கு எட்டு ரூபாயாவது வேண்டும். மிச்சத்தில் ரேம், எஸ்எஸ்டி, கேபினெட் மூன்றும் அடங்க வேண்டும். பல சீட்டுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. கேபினெட்டுக்கும் விளக்கு எரியும் ஃபேனுக்கும் பன்னிரண்டு ரூபாய், எஸ்எம்பிஎஸ்-க்கு மூன்று ரூபாய். நம் சகோதரர் வாங்கியதும் அப்படித்தான்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரண்ட்டை வாங்கி மற்ற எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது கெட்டால் தனியாகக் கெடாமல் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். பெரிய வாட் எண்ணைத் தேட வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒரு நடுத்தரக் கார்டு எடுப்பது 132 வாட். பிராசஸர் 65 வாட் வகை. எல்லாம் சேர்ந்தும் உச்சத்தில் 300-ஐத் தாண்டுவது அரிது. பெயருள்ள கம்பெனியின் 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ், மேலே 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரையுடன், குறைந்தது மூன்று வருட வாரண்டியுடன் இருந்தால் போதும். கார்டுக்கான எட்டு முள் கேபிள் அதிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு கேபிளிலிருந்து ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

கேபினெட்டில் பார்க்க வேண்டியது காற்று. முன்பக்கம் சல்லடையாகத் திறந்திருக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்களுக்கு அருகில் குடியிருப்பவர்கள் மாதம் ஒரு முறை பஞ்சைத் தட்டிவிட வேண்டும்.

எஸ்எஸ்டி 500 ஜிபி-யாவது வேண்டும். பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபி-யைத் தாண்டிவிடுகிறது. பழைய ஹார்டு டிஸ்க் வீட்டில் இருந்தால் போட்டோ, பாடம், வீடியோ வைக்க அதையே மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பணம் இல்லை என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம் ஜமாஅத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறோம். ரைசன் 5 5600ஜி என்று ஒரு பிராசஸர் 2021-இல் வந்தது. கடைசியில் உள்ள ஜி என்ற எழுத்துக்குப் பொருள், படம் வரையும் பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது. தனிக் கார்டு இல்லாமலே வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் எல்லாம் அமைப்புகளைக் குறைத்து வைத்து ஓட்டலாம். நூறு ரூபாயில் கார்டின் பங்கான நாற்பது ரூபாய் இன்றைக்கு வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ்-ஐ முதலிலேயே போட்டுவிட்டால், ஒரு வருடம் கழித்துக் காசு சேர்ந்ததும் கார்டை மட்டும் வாங்கிச் செருகலாம். கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வகைப் பிராசஸர் படம் வரைய ரேமையே பயன்படுத்துகிறது. ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல், 8 ஜிபி குச்சி இரண்டாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு குச்சி என்றால் வேகம் நன்றாகவே கூடும். இன்டெல் பக்கம் போகிறவர்கள் எதிர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஐ3-12100எஃப் என்று எஃப் இருந்தால் உள்ளே படம் வரையும் பகுதி கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

ரேம் என்றதும் விலைக்கு வந்துவிடுகிறோம். எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு இந்த ஆண்டு பதில் சொல்வது கடினமாக இருக்கிறது. காரணம் ரேம்தான். உலகத்தில் ரேம் சிப் செய்வது பெரும்பாலும் மூன்று கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் கேட்கும் நினைவகத்துக்கு நல்ல லாபம் கிடைப்பதால், தொழிற்சாலைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய டிடிஆர்4 வகையின் உற்பத்தியையும் குறைத்துவிட்டார்கள். 2025-இன் பிற்பகுதியில் சில மாதங்களுக்குள் ரேம் விலை இரண்டு மடங்கு, சில வகைகளில் மூன்று மடங்கு என்று ஏறியது. டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூசியல் என்ற தன் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. அதே மாதம் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. இந்தப் பாகங்கள் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் அதுவும் விலையில் ஏறும். நூறு ரூபாயில் ஆறேழு ரூபாய் ரேமுக்கு என்று இருந்த காலம் போய், இப்போது அதைப் போல் இரு மடங்குக்கு மேல் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. நம் ஊர்க் கடைகளில்கூட ஹார்டு டிஸ்க் விலை இரட்டிப்பானது சிலருக்கு நினைவிருக்கும். 2021-இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை உருவாக்க உலகமெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். அறிவித்த விலையைப் போல் இரு மடங்குக்குக் கார்டு விற்றது. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் அந்தத் தேவை ஒரே நாளில் முடிந்து, பழைய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. ஏறிய விலை இறங்கத்தான் செய்தது. ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆனது. ரேம் விலை இந்த ஆண்டுக்குள் பழையபடி ஆகிவிடும் என்று நம்புவதற்கு எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே விலை இறங்கட்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. அதற்காக, ஏறுகிறதே என்று பயந்து கடன் வாங்கி ஓடவும் வேண்டாம். மூவாயிரம் ரூபாய் ஏற்றத்துக்குப் பயந்து வட்டியில் ஆறாயிரம் கொடுத்தவரைப் பார்த்திருக்கிறோம்.

மற்ற பாகங்களுக்கு வழக்கமான காலங்கள் இருக்கின்றன. தீபாவளியை ஒட்டி செப்டம்பர், அக்டோபரில் இணையக் கடைகளில் பெரிய விற்பனை நடக்கும். ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி இன்னொன்று. பிராசஸர், எஸ்எஸ்டி, மானிட்டருக்கு அப்போது உண்மையாகவே குறையும். ஆனால் விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டு இறக்குவதும் உண்டு. புதிய கார்டுகள் வெளிவரும்போது முந்தைய வரிசை கழிவு விலைக்கு வரும். ரிசல்ட் வந்து காலேஜ் சேரும் மே, ஜூன் மாதங்களில் எல்லோரும் கடைக்கு வருவார்கள், பேரம் படியாது. கல்லூரி சேரப்போகும் பிள்ளை என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. அது கைக்கு வந்தால் படிப்புக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்பது அதைப் பொறுத்து மாறும்.

இந்த ஆண்டு ரமலானும் பொதுத்தேர்வும் சேர்ந்தே வருகின்றன. பெருநாள் வரை எந்த வீட்டிலும் இதை வாங்காமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களில் பணத்தைச் சேருங்கள்.

சேர்க்கச் சொன்னால் சிலர் மாதம் ஒரு பாகமாக வாங்கி வைக்கிறார்கள். இந்த மாதம் கேபினெட், அடுத்த மாதம் மதர்போர்டு, ஆறு மாதத்தில் முழு மெஷின் என்று கணக்கு. புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் இதில் நஷ்டம் இருக்கிறது. வாரண்டி வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். இணையத்தில் வாங்கினால் மாற்றித் தரும் காலம் ஏழு நாளோ பத்து நாளோதான். ஜனவரியில் வாங்கிய மதர்போர்டு பழுது என்பது ஜூனில் பிராசஸரை மாட்டும்போதுதான் தெரியும். இதற்குள் வேறு விலைக்கு வேறு பொருளும் வந்திருக்கும். கதவையும் ஜன்னலையும் வாங்கித் திண்ணையில் அடுக்கினால் மழைக்கு ஒதுங்க முடியாது. ஓர் அறையானாலும் கூரை போட்டுவிட்டால் குடியிருக்கலாம். மேலே சொன்ன 5600ஜி வழி அந்த ஓர் அறை வீடு. ஆகவே பாகங்களாகச் சேர்க்காமல் பணமாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி, அன்றே மாட்டி, அந்த வாரமே நன்றாக ஓட்டிப் பாருங்கள். ஏலத் தள்ளுபடி இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒருவருக்குக் கொடுக்கும் குலுக்கல் சீட்டு நம் பெண்கள் பல காலமாக நடத்துவதுதான். இதற்கும் அது உதவும்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றிப் பலர் கேட்கிறார்கள். வட்டி இல்லை என்றுதானே போட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். கணக்கைப் பாருங்கள். 48,000 ரூபாய் மெஷின், ஆறு மாதத் தவணை, மாதம் 8,000. பார்க்க வட்டியே இல்லை. நடப்பது என்னவென்றால், 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கடையோ கம்பெனியோ சுமார் 2,030 ரூபாயைத் தள்ளுபடி என்று குறைக்கிறது. வங்கி மீதி 45,970 ரூபாயைக் கடனாக எழுதி, அதே 2,030 ரூபாயை வட்டியாக உங்களிடம் வசூலிக்கிறது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்றே அச்சாகி வரும். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 365 ரூபாய் சொச்சம். பிராசசிங் கட்டணம் தனி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. விளம்பரத்தில் வட்டி இல்லை, பில்லில் இருக்கிறது. கடைக்காரரே விலையை ஒரே தடவை பேசி முடித்து, தவணை தாமதமானாலும் தொகை ஏறாமல் கடனுக்கு விற்பது வேறு. அது வியாபாரம். உங்கள் விஷயம் எதில் சேரும் என்று சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஆலிம்களிடம் கேளுங்கள்.

பழைய சாமான் வாங்கலாமா? சிலது வாங்கலாம். ரேமில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, பெரும்பாலும் கெடுவதில்லை. இன்றைய விலையில் பழைய டிடிஆர்4 ரேம் நல்ல மிச்சம். மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு ஓடவிட்டுப் பாருங்கள். பிராசஸரும் அப்படியே. கிராபிக்ஸ் கார்டு என்றால் பில் இருக்க வேண்டும், வாரண்டி மிச்சம் இருக்க வேண்டும், கண் எதிரே அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்ட வேண்டும். 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது. கிரிப்டோவுக்கு இரவு பகலாக உழைத்த கார்டாக இருக்கலாம் என்பதால் எங்களுக்கு அதில் விருப்பம் இல்லை. எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் இரண்டையும் பழையதாக வாங்கவே வேண்டாம்.

எங்கே வாங்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவுதான். ஆனால் பழுதானால் திண்டுக்கல்லிலிருந்து யார் போவது? இரண்டு தடவை பஸ் ஏறினால் மிச்சம் பிடித்தது போய்விடும். மதுரையிலும் கோவையிலும் பெரிய கடைகள் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கடையில் வாங்குங்கள். மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் இரண்டு கடைக்காரர்களும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள், நீங்கள் நடுவில் நிற்க வேண்டியிருக்கும். நம் ஊர்க் கடையில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றால் கொடுக்கலாம், கூப்பிட்டால் வருகிறவராக இருந்தால்.

ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல், சீரியல் எண் தனித்தனியாக இருக்க வேண்டும். கேமிங் பிசி ஒரு செட் என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை வாங்காதீர்கள். நம் சகோதரரிடம் இருந்தது அதுதான், அதனால்தான் எங்கும் கேட்க முடியவில்லை. பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வர வேண்டும், அதற்கு மூன்று வருட வாரண்டி உண்டு. பெட்டி இல்லாமல் தருவதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி. முறையான பில் இருந்தும் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவதையும் ஏற்காதீர்கள். காசு கொடுத்து வாங்காத பொருள் நமக்கு எதற்கு?

யுபிஎஸ் வாங்கும்போது ஒரு தவறு செய்கிறார்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கார்டு வைத்த மெஷினும் மானிட்டரும் ஆட்டத்தின் உச்சத்தில் அதை நெருங்கிவிடும். கரண்ட் போன நொடியிலேயே யுபிஎஸ்-ஸும் சேர்ந்து அணையும். 1000 விஏ வாங்குங்கள். கார்டு இல்லாத 5600ஜி மெஷினுக்குச் சிறியதே போதும். பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் பல இடங்களில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது.

டிரஸ்ட் தரப்பில் கமிட்டி எடுத்த முடிவுகள் இவை. ஜகாத் நிதியிலிருந்து இதற்குக் கொடுக்க முடியாது, அதற்குரியவர்கள் வேறு. கர்ளு ஹஸனா நிதியில் மருத்துவம், கல்விக் கட்டணம், தொழில் ஆகிய மூன்றும் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் மட்டும், பெற்றோர் பாதித் தொகையைச் சேர்த்திருந்தால் மட்டும், கம்ப்யூட்டர் விண்ணப்பங்களைப் பார்ப்போம். விளையாட்டுக்கு மட்டும் என்றால் தரமாட்டோம். பிள்ளை அதில் என்ன படிக்கப் போகிறான், என்ன தொழில் பழகப் போகிறான் என்று அவனே எழுதித் தர வேண்டும். பெண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். சென்ற ஆண்டு வந்த நான்கில் ஒன்று, அனிமேஷன் படிக்க விரும்பும் பெண் பிள்ளையுடையது.

கடன் வேண்டாதவர்களும் கடைச் சீட்டை எங்களிடம் கொண்டுவந்து காட்டலாம். நோன்புப் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு முதல், ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மக்ரிப் வரை அலுவலகத்தில் அந்தச் சர்வீஸ் தம்பி இருப்பார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். பிள்ளை எழுதிய விளையாட்டுப் பட்டியலையும் எடுத்து வாருங்கள், முடிந்தால் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். தோல் ஷாப் சகோதரரின் மகன் இப்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்கிறான். அவனுடைய கண்ணாடிப் பெட்டியில் புது எஸ்எம்பிஎஸ் போட்டாயிற்று, மற்றதற்கு இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.